ஆயம்மா ஒரே ஒரு முறை சொன்ன எண்ணிக்கை

பாலத்தடியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஆயம்மாவிடம் கேட்டால், "இருக்குற புள்ளைங்க இருக்குதுங்க தம்பி" என்பார். அவ்வளவுதான் பதில். டவுன் ஆபீசில் தற்காலிகக் கிளாக்கராகச் சேர்ந்த முதல் மாதத்தில் இந்தக் கேள்வியை அவரிடம் பத்துத் தடவையாவது கேட்டிருப்பேன். கெஞ்சிக் கேட்டேன், அதட்டிக் கேட்டேன், ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல நடித்தும் கேட்டேன். அவர் அசைந்து கொடுக்கவில்லை.

அவருக்கு எண்ணத் தெரியாது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நன்றாகத் தெரியும். தேயிலைத் தோட்டத்தில் பிள்ளைக் காம்பராவில், அதாவது கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடத்தில், வருஷக்கணக்கில் ஆயாவாக இருந்தவர். டவுனுக்கு வந்த பிறகும் ஆயம்மா என்ற பெயரே நிலைத்துவிட்டது. சொந்தப் பெயர் அவருடைய அரிசிக் கூப்பனில் இருந்தது. நானே அதை ஆபீஸ் பதிவேட்டில் என் கையால் எழுதியிருக்கிறேன். இங்கே எழுதமாட்டேன். அதற்கு எனக்கு அருகதை கிடையாது.

இலங்கை சுதந்திரம் வாங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த காலம் அது. எங்கள் டவுன் வேகமாக வளர்ந்து வருகிறது என்று ஆபீஸ் அறிக்கைகளில் எழுதுவோம். உண்மையில் வீங்கிக்கொண்டிருந்தது. உடப்புசல்லாவை, இறம்பொடை, கொத்மலை என்று எல்லாப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் பத்துச்சீட்டு வாங்கியவர்கள் வந்து இறங்கினார்கள். பத்துச்சீட்டு என்றால் வேலையும் போய், குடியிருந்த லயத்துக் காம்பராவும் போய், தோட்டத்தை விட்டே அனுப்புகிற சீட்டு. எங்கள் ஊரில் ரயில் நிலையமும் நீளமான கடைவீதியும் இருந்ததால் ஆண்கள் மூட்டை தூக்கினார்கள், தெருக் கூட்டினார்கள். பெண்கள் முதலாளிமார் வீடுகளில் பாத்திரம் கழுவினார்கள். படுக்க ஓர் இடம் வேண்டுமே. ரயில் பாலத்துக்குக் கீழே, ஓடைக்கரைச் சரிவில், தகரத்தையும் சாக்கையும் வைத்து ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டார்கள். அதுதான் பாலத்தடி.

அந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று வெளிநாட்டிலிருந்து பால்மா வரும், பெரிய மட்டைப் பீப்பாய்களில். தினமும் காலையில் ஒரு பீப்பாயைத் தள்ளுவண்டியில் வைத்துப் பாலத்தடிக்குக் கொண்டுபோவது என் வேலைகளில் ஒன்று. கரைத்து ஊற்றுவது ஆயம்மா. எத்தனை பிள்ளைகள் குடித்தார்கள் என்று ஒரு தாளில் குறித்துக் கொடுக்க வேண்டும். அங்கேதான் எங்களுக்குள் தகராறு.

"நீங்க எழுதுறதுக்கு ஏதாச்சும் வேணும்னா, பால் குடிக்கிற அளவப் பாத்து நீங்களே போட்டுக்கங்க தம்பி. என் வாயால வராது" என்று சொல்லிவிட்டு அடுத்த குவளையில் ஊற்றுவார்.

அவர் ஊற்றுகிற விதத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். வரிசையை நிமிர்ந்துகூடப் பார்க்கமாட்டார். ஆனால் கடைசிப் பிள்ளை வந்து நிற்கும்போது பானையில் கடைசிக் குவளைப் பால் இருக்கும். ஒரு நாள்கூடப் போதாமல் போனதில்லை, மீந்ததும் இல்லை. எண்ணாமல் இது எப்படி முடிகிறது என்று எனக்கு எரிச்சலாகவே இருக்கும். கணக்கப்பிள்ளை மகன் நான். என் அப்பா இறம்பொடைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்துக்கும் ஆளுக்கும் கணக்கு வைத்தே காலம் தள்ளியவர். எண்ணாத உலகம் எனக்குப் பிடிபடவில்லை.

யாரைப் பார்த்தாலும் ஆயம்மா முதலில் கேட்பது, "எல்லாரும் இருக்காங்களா?" என்றுதான். உங்கள் வீட்டில் எத்தனை பேர், அண்ணன் தம்பி எத்தனை பேர் என்று வாய் தவறிக்கூடக் கேட்கமாட்டார். "எல்லாரும் இருக்காங்க ஆயம்மா" என்று நாம் சொல்ல வேண்டும். சொன்னதும் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். முதலில் இதை வெறும் உபசாரம் என்று நினைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் நல்ல மழை. ஏதோ நோட்டீஸ் ஒட்டப் போனவன் அவர் குடிசைக்குள் ஒதுங்கி நின்றேன். ஆயம்மா அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். வெளியே மழையிலும் பாலத்தின் அடியிலுமாகப் பிள்ளைகள் கத்திக்கொண்டு விளையாடின. திடீரென்று ஊதுகுழலைக் கீழே வைத்தார். "ஒரு சத்தம் கொறையுது" என்றார். எனக்கு எல்லாச் சத்தமும் ஒரே இரைச்சலாகத்தான் கேட்டது. அவர் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு ஓடினார். நானும் பின்னால் போனேன். ஓடைக்குக் குறுக்கே ஒரு பெரிய சிமெந்துக் குழாய் கிடந்தது. அதற்குள் போய் வெளியே வரத் தெரியாமல் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். பயத்தில் அழக்கூட இல்லை. ஆயம்மா அவளைத் தூக்கி முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "எங்கடி போன" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்க வந்துவிட்டார். பெற்றவள் அதுவரை தேடவே இல்லை.

அன்றைக்கு எனக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு, தானாகவே சொல்ல ஆரம்பித்தார். நான் கேட்கவில்லை.

"நானும் ஒரு காலத்துல எண்ணுனவதான் தம்பி. விடியக்காலம் பெரட்டுக்களத்துல ஆளுங்கள எண்ணுவாங்க. காம்பராவுல நான் புள்ளைங்கள எண்ணுவேன். புள்ளைங்கள எண்ணாதீங்க ஆயா, அது ஆகாதுன்னு பெத்தவளுங்க சொல்லுவாளுங்க. எனக்கு இதுதாண்டி வேலைன்னு சொல்லிருவேன். ஒருநா கொழும்புலருந்து ஒரு ஐயா வந்தாரு. தொரையும் கூட நிக்கிறாரு. எத்தன புள்ளைங்கன்னு கேட்டாரு. முப்பத்தொண்ணுங்க ஐயான்னு சொன்னேன். டக்குன்னு சொல்லிட்டேன்னு எனக்குப் பெரும வேற."

ஒரு விறகை அடுப்புக்குள் தள்ளினார்.

"பொஸ்தகத்துல இருந்தது இருபத்தாறு."

மிச்சம் ஐந்தும் அந்தத் தோட்டத்தில் பேர் பதியாத பிள்ளைகள். வேறு தோட்டத்தில் வேலை போனவர்கள் சொந்தக்காரர் வீட்டில் வந்து ஒண்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள். ஐந்தில் இரண்டு ஆயம்மாவின் தங்கை பெற்றவை. ஒரு வாரத்துக்குள் அத்தனை குடும்பத்தையும் வெளியே போகச் சொல்லிவிட்டார்கள்.

"தங்கச்சி மூட்டையத் தூக்கிக்கிட்டு எறங்குனா. என்னயத் திரும்பிப் பாக்கல. மன்னார்ல வச்சு இந்தியாவுக்குக் கப்பல் ஏத்திட்டாங்கன்னு ஒருத்தன் சொன்னான். இல்ல, வன்னிப் பக்கம் இருக்காங்கன்னு இன்னொருத்தன் சொன்னான். எனக்குத் தெரியல. நான் முப்பத்தொண்ணுன்னு சொல்லாம இருந்திருந்தா இருந்திருப்பாங்க."

இதற்கு என்ன சமாதானம் சொல்வது? நீங்கள் சொல்லாவிட்டாலும் அவர்கள் எண்ணிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்லலாம். சொன்னேன். அவர் தலையை ஆட்டினார், ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. அன்றிலிருந்து பால்மாத் தாளில் நானே ஓர் எண்ணைப் போட்டுக்கொண்டேன். அதற்காகப் பாலத்தின் மேல் நின்று கூரைகளை எண்ணியும் வைத்தேன். நாற்பத்தொன்று.

இந்த நாற்பத்தொன்றை மறக்க எவ்வளவோ முயன்று பார்த்துவிட்டேன். கல்யாண வீட்டில் பந்திக்கு ஆள் எண்ணுவார்களே, அப்போதுகூட நாற்பது தாண்டும்போது எழுந்து வெளியே வந்துவிடுவேன். என் மனைவி இதைச் செரிமானக் கோளாறு என்று நம்பிக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த வருஷம் வெள்ளைக்காரத் துரைசானி ஒருவர் வந்தார். தோட்டத் துரையின் மனைவி இல்லை. ஐரோப்பாவில் ஏதோ குளிர்நாட்டைச் சேர்ந்தவர், வேலையாக வந்தவர். வேகமாக வளருகிற ஊர்களில் ஏழைகளுக்கு வீடும் தண்ணீரும் கொடுப்பதற்குப் பல நாடுகள் சேர்ந்து ஒரு திட்டம் போட்டிருந்தன. ஒரு நாடு சிமெந்து தரும், ஒரு நாடு குழாய் தரும், இன்னொன்று கூரைத் தகடு தரும். நிலம் நம் அரசாங்கத்துடையது. எத்தனை குடும்பம் என்று கணக்கெடுத்தால் அத்தனை வீடு. கணக்கெடுக்க வந்த துரைசானிக்கும் அவரோடு வந்த கொழும்பு எஞ்சினியருக்கும் தமிழ் தெரியாது. ஆபீசில் இங்கிலீசும் தமிழும் ஒழுங்காகத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மொழிபெயர்க்க என்னை அனுப்பினார்கள்.

துரைசானி நல்ல பெண்மணி. அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. சரிவில் இறங்கும்போது காலில் அட்டை கடித்து ரத்தம் வழிந்தது. சிரித்துக்கொண்டே துடைத்துவிட்டு, "ஊர்கள் வளருகிற வேகத்தில் வறுமையும் வளருகிறது. இதை ஒரு நாடு தனியாகச் சமாளிக்க முடியாது. அதனால்தான் நாங்கள் சேர்ந்தோம்" என்று எனக்கு விளக்கிச் சொன்னார். அவர் அதை நம்பினார். நானும் நம்பினேன். அந்த வயதில் எனக்கு அது மிகப் பெரிய விஷயமாக இருந்தது. கடல் கடந்து எங்கோ இருக்கிறவர்கள் பாலத்தடியைப் பற்றி உட்கார்ந்து பேசியிருக்கிறார்களே என்று.

ஆகவே கணக்கெடுப்புக்கு முந்திய நாளே நான் ஆயம்மாவிடம் போய், ஒளிவுமறைவில்லாமல் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல காரியம், வீடு கிடைக்கும், எல்லாரையும் குடிசையில் இருக்கச் சொல்லுங்கள் என்றேன். கேள்விகள் அச்சடித்த பாரத்தையும் காட்டினேன். அவருக்கு வாசிக்கத் தெரியாது. என்னென்ன கேட்பார்கள் என்று வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.

"பொறந்த ஊரு?"

"ஆமா, அதுவும் கேப்பாங்க."

"அப்பன் பொறந்த ஊரு?"

"அதுவும் இருக்கு ஆயம்மா."

"வீடு குடுக்குறவங்களுக்கு அப்பன் பொறந்த ஊரு எதுக்கு தம்பி?"

 சுதந்திரம் வந்த கையோடு தோட்டத்துச் சனத்தின் பிரஜாவுரிமை பறிபோயிருந்தது; அதைத் திரும்பக் கேட்டு என் அப்பா போட்ட மனுவிலும் அதே கேள்வி இருந்தது. அந்த மனு எட்டு வருஷமாகக் கொழும்பில் கிடந்தது. அது தேறினால்தான் என் வேலையும் நிரந்தரமாகும். பாரத்தைத் தயாரித்தவர்கள் எங்கோ இருந்த பழைய பாரத்தைப் பார்த்து அப்படியே எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு, "சும்மா ஒரு வழமைக்கு" என்று மென்று விழுங்கினேன். ஆயம்மா என் முகத்தையே பார்த்தார். பிறகு, "சரி தம்பி, நீங்க போங்க. மழ வருது" என்றார்.

மறுநாள் நாங்கள் போனபோது பாலத்தடியில் பாதிக்கு மேல் ஆளில்லை. அரிசிக் கூப்பன் வைத்திருந்த பதினெட்டுக் குடும்பம் மட்டும் வாசலில் நின்றது. கூப்பனில் ஏற்கனவே அரசாங்கம் பேர் எழுதிவிட்டதால் அவர்களை மறைத்துப் பயனில்லை என்று ஆயம்மா முடிவு செய்திருக்கிறார். கையில் எந்தத் துண்டும் இல்லாத மற்றவர்களையெல்லாம் பிள்ளை குட்டிகளோடு விடியற்காலையிலேயே மேலே டர்பன்டைன் மரக் காட்டுக்கு ஏற்றிவிட்டார். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் சொல்ல வேண்டிய தேவையும் இல்லை. குடிசைகளுக்குள் அடுப்புச் சாம்பல் சூடாக இருந்தது.

"இவை என்ன?" என்று துரைசானி ஆளில்லாத குடிசைகளைக் காட்டிக் கேட்டார். நான் ஆயம்மாவைக் கேட்டேன்.

"ஆட்டுப்பட்டி, வெறகு வைக்கிற கொட்டில்னு சொல்லுங்க தம்பி" என்றார்.

சொன்னேன். இத்தனை ஆடுகளா என்று துரைசானி ஆச்சரியப்பட்டார். மேயப் போயிருக்கின்றன என்று என் பங்குக்கு நானும் சேர்த்துச் சொன்னேன். பாலத்தடியில் இருந்தது இரண்டே இரண்டு ஆடு. அதில் ஒன்று என் காலடியில்தான் நின்றது.

பதினெட்டு என்று எழுதி, நேரில் பார்த்து உறுதி செய்தேன் என்று கீழே கையெழுத்தும் போட்டேன். உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொன்னால் எஞ்சினியர் ஆட்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போயிருப்பார், போலீசும் வந்திருக்கும் என்று பயந்தேன். அந்தப் பயத்தில் ஆயம்மாவின் பயமும் என் பயமும் கலந்திருந்தன. அந்தக் கையெழுத்துக்காக நான் என்னைப் பெரிதாகக் குற்றம் சொல்வதில்லை. திரும்பி வரும்போது மேலே காட்டிலிருந்து ஒரு குழந்தை இருமியது. யாரோ வாயைப் பொத்தியிருக்க வேண்டும், பாதியில் நின்றுவிட்டது. துரைசானி நிமிர்ந்து பார்த்துவிட்டு, அது என்ன பறவை என்று கேட்டார். தெரியாது என்றேன்.

மேட்டு நிலத்தில் பதினெட்டு வீடுகள் எழும்பின. சிமெந்துத் தரை, இரண்டு அறை, நாலு வீட்டுக்கு ஒரு தண்ணீர்க்குழாய். பாலத்தடிக்காரர்களே கல் சுமந்தார்கள். காட்டில் ஒளிந்திருந்தவர்களும் சுமந்தார்கள். ஆயம்மா மத்தியானத்தில் போய் நின்று சுவரைத் தடவிப் பார்ப்பார். கூரை போட்டு முடிகிற சமயத்தில்தான் ஆபீசிலிருந்து அந்த நோட்டீஸ் போயிற்று. வீடுகள் கொடுக்கப்பட்டதும் பாலத்தடி முழுவதையும் அப்புறப்படுத்திச் சுத்தம் செய்வது என்பது திட்டத்தின் நிபந்தனை. கணக்கில் எல்லாருக்கும் வீடு இருந்ததே.

அன்றைக்கே ஆயம்மா ஆபீசுக்கு வந்தார். என் மேசைக்கு முன்னால் நின்றார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பட்டியல்ல மத்தவங்களயும் போட முடியாதா தம்பி?"

"பட்டியல் கொழும்புக்குப் போயி, அங்கருந்து வெளிநாட்டுக்கும் போயிருச்சு ஆயம்மா."

"போனது வராதா?"

"தொரசானி நெனைச்சா முடியும். பட்டியல அனுப்புனது அவுங்கதான். அடுத்த மாசம் தெறப்பு விழாவுக்கு வாராங்க."

உண்மையாகவே அப்படி நினைத்துத்தான் சொன்னேன். வீடு கட்டி முடித்த பிறகும் சிமெந்தும் தகடும் மிஞ்சிக் கிடந்தன. மேட்டில் இடமும் இருந்தது.

"நான் அவுங்ககிட்ட சொன்னா, நீங்க அத இங்கிலீசுல சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"அப்படியே சொல்லணும்."

"அப்படியே சொல்றேன் ஆயம்மா."

விழா நாளில் வாழைமரம் கட்டி, தப்பு அடித்து, கோயில் பந்தலையே பிரித்துக்கொண்டுவந்து போட்டிருந்தார்கள். துரைசானி பேசினார். நான் பக்கத்தில் நின்று வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னேன். நாடுகள் ஒன்றுக்கொன்று கைகொடுத்தால் உலகத்தில் எந்த ஊரிலும் ஒருவரும் கூரையில்லாமல் இருக்க வேண்டியதில்லை என்று அவர் சொன்னதை நான் சொன்னபோது சனம் கைதட்டியது.  நன்றாக மொழிபெயர்க்கிறாய் என்று எஞ்சினியர் முதுகில் தட்டினார். உன் வேலை விஷயமாக நானும் ஒரு வார்த்தை எழுதுகிறேன் என்றார்.

பேச்சு முடிந்து துரைசானி வீடுகளைச் சுற்றிப் பார்க்க வந்தார். குழாயடியில் ஆயம்மா காத்திருந்தார். துவைத்துக் காயப்போட்ட சேலை, ஈரம்கூடச் சரியாகப் போயிருக்கவில்லை. துரைசானி அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். நாங்கள் மூவரும்தான் அருகில் நின்றோம். எஞ்சினியர் இரண்டடி தள்ளிக் குழாயைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். போட்டோக்காரர் ஒருவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ஆயம்மா கையைக் கூப்பிக்கொண்டு, மனப்பாடம் செய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார்:

"தாயி, கீழ இன்னும் இருபத்துமூணு குடும்பம் இருக்கு. புள்ளைங்க மட்டும் அம்பத்தாறு. நீங்க எழுத வந்தப்ப நாந்தான் காட்டுல ஒளிச்சு வச்சேன். ஆட்டுப்பட்டின்னு பொய் சொன்னதும் நாந்தான். இந்தக் கிளாக்கர் தம்பிக்கு ஒண்ணும் தெரியாது. அவுங்களயும் எழுதிக்கங்க. என் வீட்ட வேணும்னா எடுத்துக்கங்க."

தங்கை போன பிறகு அவர் வாயிலிருந்து எண்ணிக்கை வந்தது அப்போதுதான். அம்பத்தாறு என்று சொல்லும்போது குரல் உள்ளே போய்விட்டது.

துரைசானி என்னைப் பார்த்தார். எஞ்சினியரும் திரும்பிப் பார்த்தார். இருபத்துமூன்று என்று ஆயம்மா சொன்னபோதே என் காதில் மற்றதெல்லாம் அடைபட்டுவிட்டது. நேரில் பார்த்து உறுதி செய்தேன் என்ற வரியும் அதன் கீழே என் கையெழுத்துமே கண்ணுக்கு முன்னால் நின்றன. இந்த வேலை, அப்பாவின் மனு, எஞ்சினியர் எழுதப்போகும் ஒரு வார்த்தை. என்னைக் காப்பாற்றுவதற்காகவே அவர் ஒரு வாக்கியத்தைச் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்பது அந்தக் கணத்தில் எனக்கு உறைக்கவேயில்லை. வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் உறைத்தது.

"எல்லோரும் மிகவும் சந்தோஷமாக இருக்கிறார்களாம். உங்களையும் உங்கள் நாடுகளையும் ஒருநாளும் மறக்கமாட்டார்களாம்" என்று இங்கிலீசில் சொன்னேன்.

துரைசானிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆயம்மாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "இது ஆரம்பம்தான் என்று சொல்லுங்கள். நாங்கள் திரும்பி வருவோம் என்று சொல்லுங்கள்" என்றார். அதை ஒரு சொல் பிசகாமல் தமிழில் சொன்னேன். போட்டோக்காரர் படம் எடுத்தார்.

அந்தப் படத்தைத் திட்டக்காரர்கள் பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு ஆபீசுக்கு அனுப்பினார்கள். என் மேசைக்கு மேலே மாட்டினார்கள். நான் ஓய்வு பெறும்வரை அது அங்கேதான் இருந்தது. துரைசானி ஆயம்மாவைப் பார்க்கிறார். ஆயம்மா துரைசானியைப் பார்க்கவில்லை, பக்கத்தில் படத்துக்கு வெளியே நிற்கிற ஒருவனைப் பார்க்கிறார். அந்த ஒருவன் யார் என்று ஆபீசில் யாரும் கேட்டதில்லை. நான் மட்டும் ஒவ்வொரு நாளும் அந்தப் பார்வைக்குக் கீழே உட்கார்ந்து எழுதினேன். முதுகு காட்டி உட்கார்ந்தால் இன்னும் மோசமாக இருந்தது.

விழாவுக்குப் பிறகு ஒரு மாதம் தவணை இருந்தது. அந்த ஒரு மாதத்தில் அந்த இருபத்துமூன்று குடும்பங்கள் எங்கேயாவது ஒண்ட இடம் பார்த்திருக்கலாம். கடைகளின் பின்கட்டு இருந்தது, தூரத்துத் தோட்டங்களில் சொந்தக்காரர்கள் இருந்தார்கள். ஒருவரும் அசையவில்லை. "தொரசானிகிட்ட சொல்லிட்டேன். கையப் புடிச்சு, இது ஆரம்பந்தான், திரும்ப வருவோம்னு சொன்னாங்க. வந்து எழுதுவாங்க. பேசாம இருங்க" என்று ஆயம்மா சொல்லிவிட்டார். தன் வீட்டின் சாவியை வாங்கி, கைக்குழந்தைக்காரி ஒருத்தியை அங்கே குடிவைத்துவிட்டு அவர் கீழேயே இருந்தார். நான் அந்த மாதம் பாலத்தடிப் பக்கம் போகவில்லை. பால்மா வண்டியை வேறொருவரிடம் தள்ளிவிட்டேன்.

தவணை முடிந்த அன்று காலையில் ஆட்கள் கடப்பாரையோடு போனார்கள். டவுன் கூலிகள்தான். அவர்களில் சிலர் மேட்டு வீட்டுக்காரர்கள். தகரத்தைப் பிரிக்கும் சத்தம் ஆபீஸ்வரை கேட்டது. யாரும் எதிர்க்கவில்லை என்று மத்தியானம் வந்து சொன்னார்கள். பிள்ளைகள் எல்லாம் மேட்டில் ஏறி, துரைசானியின் ஜீப் வரும் பாதையைப் பார்த்துக்கொண்டு நின்றனவாம். வெளியேற்றப்பட்டவர்கள் மூன்று நாள் ரயில் நிலையச் சாமான் கொட்டகையில் மழைக்கு ஒதுங்கியிருந்துவிட்டு, கொழும்பில் துறைமுகப் பக்கம் வேலை கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி அங்கே போவதாக முடிவு செய்தார்கள்.

நான் போகாமல் இருந்திருக்கலாம். போனேன். மேடை முழுக்கச் சட்டியும் பாயும் கோழிக்கூடையும். ஆயம்மா கடைசிப் பெட்டியில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்திருந்தேன்.

"நீங்க எதுக்கு ஆயம்மா போறீங்க? உங்களுக்குத்தான் வீடு இருக்கே" என்றேன்.

"நாஞ் சொல்லித்தானே தம்பி இதுங்கல்லாம் ஒளிஞ்சுச்சுங்க" என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தத் தொரசானி மேல எனக்குக் கோவமில்ல. அவுங்க ஊருல அவுங்களுக்கு என்ன தடையோ. நல்ல மனசு. கையப் புடிச்சப்பவே தெரிஞ்சுச்சு."

நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆயம்மா தன் கையை என் கைமேல் வைத்தார்.

"நீங்க மட்டும் இல்லேன்னா எங்க வார்த்த அவுங்க காதுக்குப் போயே இருக்காது. நல்லா இருப்பீங்க தம்பி."

அன்றைக்கு வழியில் எங்கோ தண்டவாளத்தில் மண் சரிந்திருந்ததால் ரயில் உடனே புறப்படவில்லை. நாற்பது நிமிடம் அங்கேயே நின்றது. ஆயம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டார். பிடித்து வந்து கொடுத்தேன். ஒரு பிள்ளைக்குப் பிஸ்கட் வேண்டுமென்றார், அதையும் வாங்கி வந்தேன். மழை பெரிதாக வந்ததும் பெட்டிச் சன்னல்களை ஒவ்வொன்றாக இழுத்து மூடி உதவினேன். பிறகு ரயில் போயிற்று.